வரதனின் வருங்காலம் நிர்ணயிக்கப்பட்ட நாள்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், உத்திரமேரூர் வட்டாரத்து மாணவமணிகள் தங்கள் வருங்காலத்தைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளும் துன்பத்திலிருந்து இன்று முதல் அடியோடு விடுவிக்கப்படுகிறார்கள். பள்ளிப் படிப்பு முடித்தவன் கல்லூரிக்குப் போவதா, தொழிற்பயிற்சிக்குப் போவதா என்று அவனும் அவனைப் பெற்றவர்களும் இனி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேற்படி மண்டைகளின் பொறுப்பை ஏற்றுக்கொள்வதற்கென்றே வட்டார வருங்கால நிர்ணய அலுவலகம் திறக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் திரண்டு வந்து பயனடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

எழுபத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில், ஒலிபெருக்கி கட்டிய ஜீப் ஒன்று இதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிற்று. பொதுமக்கள் திரளவில்லை. ஏரியில் தண்ணீர் இருந்த வருஷம் அது. பொதுமக்கள் சேற்றில் இருந்தார்கள்.

அலுவலகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், உரக்கிடங்கை ஒட்டி, ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக அமைந்துவிட்டதால், அதன் கடைசி எழுத்துகள் உரக்கிடங்கின் மேல் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே நாலு நாற்காலி, ஒரு பீரோ, குடிதண்ணீருக்கு ஒரு பித்தளைக் குடம், எல்லப்பன் என்ற பியூன், தாமோதரன் என்ற தனி அதிகாரி. தனி அதிகாரிக்குப் பச்சை மையில் கையெழுத்துப் போடும் தகுதி இருந்தது. எதில் போடுவது என்பதுதான் அதுவரை தெரியாமல் இருந்தது.

அந்த நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் சாலவாக்கத்துப் பச்சமுத்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

பச்சமுத்துவின் மகன் வரதன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தான். காஞ்சிபுரத்துக் கல்லூரி ஒன்றில் பி.யு.சி.க்கு இடம் கிடைத்திருந்தது. செங்கல்பட்டில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் வகுப்புக்கும் இடம் கிடைத்திருந்தது. இரண்டுக்கும் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. தவறினால் இடம் அடுத்த பையனுக்குப் போய்விடும். இரண்டு இடத்திலும் மார்க்குப் பட்டியலின் நகலில் பச்சை மைக் கையெழுத்து கேட்டார்கள். பச்சமுத்து அதற்குத்தான் வந்தார்.

"இன்னா வோணும் பெரியவரே?" என்றார் எல்லப்பன். ஆள் வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"ஒரே ஒரு கையெய்த்து நைனா. அதோட பூடுவேன்."

தனி அதிகாரி பேனாவின் மூடியைத் திருகித் திறந்தார். மார்க்குகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பேனா முனை காகிதத்தைத் தொடவிருந்த நேரத்தில், சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்:

"பையன் எதில் சேருகிறான்?"

பச்சமுத்து வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"ரெண்டுலயும் எடம் கீதுங்க. எதுன்னு இன்னும் முடிவு பண்ணலீங்க."

தனி அதிகாரி பேனாவை மூடினார். எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்து பச்சமுத்துவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லப்பா, இவருக்கு ஒரு நாற்காலி போடு."

கெட்டது அந்த இடத்தில்தான். கிஸ்தி கட்டப் போன இடத்திலும் சரி, கரண்டு ஆபீசிலும் சரி, பச்சமுத்துவுக்கு அதுவரை யாரும் நாற்காலி போட்டதில்லை. அவர் அதன் ஓரத்தில், பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தார்.

"முடிவு செய்யவில்லை என்று சொன்னீரே, அதைச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? எல்லோரும் முடிவு செய்துவிட்டு வருகிறார்கள். அப்புறம் இந்த அலுவலகம் எதற்கு?" என்றார் தனி அதிகாரி. "உம்முடைய பிரச்சினையை எங்கள் குழு எடுத்துக்கொள்கிறது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், தொழிற்பயிற்சி நிலையக் கண்காணிப்பாளர் ஒருவர், தலைமை நான். திங்கட்கிழமை கூடுகிறோம்."

"திங்கக்கெயம தாங்க கடைசி நாளு."

"பார்த்தீரா பொருத்தத்தை."

"கையெய்த்து மட்டும் இப்பவே போட்டுட்டீங்கன்னா…"

"எதற்கென்று தெரியாமல் எப்படிப் போடுவது? தீர்ப்பு வந்ததும் அந்த இடத்திலேயே போடுகிறேன்."

"அப்ப பையனயும் இட்டுக்கினு வரட்டுங்களா?"

"கூடவே கூடாது. மாணவன் எதிரில் இருந்தால் நடுநிலை கெட்டுவிடும். அவன் ஏதாவது சொல்லிவிடுவான்."

வீட்டில் இதைக் கேட்ட சொக்கம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு கையெய்த்து வாங்கினு வாய்யான்னு அனுப்புனா, கூட்டத்துக்கு நாளு வாங்கினு வந்துகிறியே. நீ இன்னா மனுசன்?"

"ஆபீசரு நாற்காலி போட்டாருமே. போவலன்னா இன்னா நெனப்பாரு?"

"நாற்காலிய தூக்கினு வந்துகீறதுதானே. புள்ளைய அதுல குந்த வச்சிருக்கலாம்."

வரதன் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தான். எது வேண்டும் என்று அவனைக் கேட்டதற்கு, "எதுவா இருந்தா இன்னா நைனா? செவ்வாக்கெயம காத்தால நான் இந்த எரும பின்னால நிக்கக் கூடாது, அவ்ளோதான்" என்றான். அந்த வீட்டில் வருங்காலத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான கொள்கை வேறு யாரிடமும் இல்லை.

திங்கட்கிழமை காலை பச்சமுத்து சலவை வேட்டி கட்டி, நகலை மட்டும் மடித்து ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். அலுவலகத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். மேடையில் நாற்காலிகள், மைக், மாலைகள். கூட்டம் மட்டும்தான் இல்லை. அதற்கும் எல்லப்பன் வழி செய்தார். பக்கத்துக் கிடங்கில் யூரியாவுக்கு வரிசையில் நின்றவர்களிடம் போய், நிழல் இருக்கிறது, டீ உண்டு, வரிசையை அப்படியே உட்கார்ந்தபடி வைத்துக்கொள்ளலாம் என்றார். வரிசை குலையாமல் வந்து உட்கார்ந்தது. காலிச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் வருங்காலத்தை எதிர்நோக்கினார்கள்.

பத்து மணிக் கூட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கியது. வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவரைப் பாராட்டி ஓர் உரை. பேசிய ஒவ்வொருவரும் மேடையில் இருந்த எல்லோரையும் பேர் பேராக விளித்தார்கள். "எங்கள் முதல் பயனாளி, சாலவாக்கம் தந்த சான்றோர், பெரியவர் பச்சமுத்து அவர்களே" என்று வரும் ஒவ்வொரு தடவையும் பச்சமுத்து எழுந்து நின்றார்.

"ஒக்காரு பெரியவரே," என்று பின்னாலிருந்து எல்லப்பன் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தார். "பேரு சொன்னா எய்ந்துக்கக் கூடாது. அது சும்மா சொல்றது."

"ரெண்டு மணி பஸ்ஸப் புட்சாதான் நைனா காஞ்சீரத்துக்குப் போவ முடியும்."

"பஸ்ஸுக்கு இன்னா, அது தெனமும் வருது. இந்த மாதிரி ஒரு கூட்டம் வருமா?"

பச்சமுத்துவுக்குக் கம்பளிச் சால்வை போர்த்தினார்கள். ஆனி வெயிலில் அது நன்றாக வேலை செய்தது.

கல்லூரியின் சார்பில் பேராசிரியர் வேதகிரி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார்.

"கல்லூரி என்பது என்ன? கட்டடமா? இல்லை. கட்டடம் இன்னும் முடியவில்லை. ஆசிரியர்களா? பாதி இடம் காலி. அப்படியானால் கல்லூரி என்பது என்ன? சிந்தனை. ஒரு மாணவன் எங்களிடம் வந்து நாலு ஆண்டுகள் சிந்திக்கக் கற்கிறான். பட்டம் வாங்கிக்கொண்டு போனபின் சிந்திப்பதற்கு அவனுக்கு ஏராளமான நேரமும் கிடைக்கிறது. எங்கள் பழைய மாணவர்களை எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் நீங்கள் பார்க்கலாம். காலையிலிருந்து மாலைவரை சிந்தித்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பொறுமையை எந்தத் தொழிற்பயிற்சி தரும்?"

சாக்குகள் கை தட்டின. பச்சமுத்துவுக்கு மனசு கல்லூரிப் பக்கம் சாய்ந்தது. அவருடைய தங்கச்சி மகன் பி.ஏ. முடித்துவிட்டு அப்படித்தான் மூன்று வருஷமாகச் சிந்தித்துக்கொண்டிருக்கிறான் என்பது நினைவுக்கு வந்ததும், மனசு தன் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அடுத்து தொழிற்பயிற்சியின் சார்பில் கண்காணிப்பாளர் சுப்பிரமணி.

"சிந்தனை சோறு போடாது. கை போடும். எங்கள் நிலையத்தில் பையனின் கைக்கு வேலை தருகிறோம். முதல் ஆண்டு முழுவதும் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் தேய்க்கச் சொல்கிறோம். இரண்டாம் ஆண்டு மிச்சமிருக்கும் துண்டைத் தேய்க்கச் சொல்கிறோம். புதிய எந்திரம் வந்து மூன்று ஆண்டு ஆகிறது. ஒரு கீறல் கிடையாது. பெட்டியைப் பிரித்தால்தானே கீறல் விழும்? பையன்கள் தினமும் அந்தப் பெட்டியைப் பார்த்து ஊக்கம் பெறுகிறார்கள்."

இதற்கும் சாக்குகள் பாகுபாடில்லாமல் கை தட்டின. முன்வரிசையில் இருந்த கேசவன் என்ற ஆள் எழுந்து நின்றார். யூரியா வரிசையிலும் அவர்தான் முதல் ஆள்.

"சாரு, ஒரு சந்தேகம். உங்க ரெண்டு பேரு புள்ளைங்களும் இன்னா படிக்கிதுங்க?"

மேடையில் இரண்டு பேரும் மைக்கை ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள்.

"என் பையன் படிப்பில் கொஞ்சம் கெட்டிக்காரன்," என்றார் தொழிற்பயிற்சிக் கண்காணிப்பாளர். "அதனால் மெட்ராசில் காலேஜில் சேர்த்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அந்தக் குறை இல்லை."

"என் பையன் சிந்திக்க மாட்டேன் என்றுவிட்டான்," என்றார் கல்லூரிப் பேராசிரியர். "வெல்டிங் படித்தான். அம்பத்தூரில் கம்பெனி வேலை. என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறான். வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை."

"அப்ப செரி," என்று கேசவன் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பச்சமுத்துவுக்கு அப்போதுதான் பிடித்துக்கொண்டது.

ரெண்டு மணி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. பச்சமுத்து சால்வையோடு எழுந்தார்.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா? சேத்துக்கிறவங்க ரெண்டு பேருமே இங்கதான் கீறீங்க. யாராச்சும் ஒருத்தரு என் புள்ளைய இப்பவே, இங்கயே சேத்துக்கினா வேல முடிஞ்சிடுமே."

இரண்டு பேரும் அவரைப் பரிவோடு பார்த்தார்கள்.

"முத்திரை காஞ்சிபுரத்தில் இருக்கிறது," என்றார் பேராசிரியர்.

"சேர்க்கையெல்லாம் கிளார்க் செய்கிற வேலை," என்றார் கண்காணிப்பாளர். "நான் தலைமை தாங்குவதோடு சரி."

ஓட்டெடுப்பு நடந்தது. கல்லூரிக்கு ஒன்று, தொழிற்பயிற்சிக்கு ஒன்று. தலைவருக்கும் ஓர் ஓட்டு உண்டு. ஆனால் அதைப் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்பதால், அவர் அதைப் போடுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். பதிலாக மைக்கைப் பிடித்தார்.

"நாம் எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறோம்? குடவோலை கண்ட மண். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்த மண். அதோ கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறான். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் பெருமைப்படுகிறேன். அந்த முறையிலேயே இந்த மாணவனின் வருங்காலத்தை நிர்ணயிப்போம்."

உத்திரமேரூரில் எந்தக் கூட்டமும் குடவோலையைத் தொடாமல் முடிந்ததில்லை. சைக்கிள் ஸ்டாண்டு திறப்பு விழாவில்கூடத் தொட்டிருக்கிறார்கள். ஆனால் யாரும் நிஜமாகவே குடத்தைக் கொண்டுவா என்று சொன்னது கிடையாது. எல்லப்பன் உள்ளே போய், குடிதண்ணீர்க் குடத்தை வாசலில் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். ஓலை வாங்க மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும் என்று விதி இருந்ததால், தனி அதிகாரியின் பனையோலை விசிறியிலிருந்து இரண்டு நறுக்குகளைக் கத்தரித்தார்கள். தனி அதிகாரி தன் பச்சைப் பேனாவால் ஒன்றில் கல்லூரி என்றும் மற்றதில் தொழில் என்றும் எழுதினார். அன்றைக்கு அந்தப் பேனா திறந்தது அதுதான் முதல் தடவை. பச்சமுத்து பையிலிருந்து நகலை எடுப்பதற்குள் அது மூடிக்கொண்டது.

ஓலைகளைக் குடத்தில் போட்டு எல்லப்பன் நன்றாகக் குலுக்கினார். அப்போதுதான் பேராசிரியர் ஒரு முறைமையை நினைவூட்டினார்.

"குடத்தில் கை விடுகிறவர் இந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவராக இருக்க வேண்டும். அதுதான் மரபு."

எல்லோரும் பச்சமுத்துவைப் பார்த்தார்கள். ஆனால் அவர் பையனின் அப்பா. பஸ் நேரம்வரை எல்லாம் தெரிந்தவர். கேசவனைக் கேட்டால், "எனக்கு எல்லாம் தெரியும் சாரு, என் பங்காளி ரெண்டும் படிச்சிட்டு மாடு மேய்க்கிறான்" என்றார். எல்லப்பன் தானாகவே விலகிக்கொண்டார்.

"நான் பியூனு சார். இந்த ஆபீசுல எனக்குத் தெரியாதது இன்னா கீது?"

அதற்குமேல் மேடையில் பெரிய போட்டியாகிவிட்டது.

"எனக்கு வாய்ப்புத் தர வேண்டும்," என்றார் பேராசிரியர். "பதினெட்டு வருஷம் கற்பித்திருக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் யாராவது ஒருவர் என்ன ஆனார் என்று கேளுங்கள். தெரியாது."

"அவருக்குத் தன் மாணவர்களைப் பற்றித்தான் தெரியாது," என்றார் கண்காணிப்பாளர். "எனக்கு என் நிலையத்தைப் பற்றியே தெரியாது. அந்தப் பெட்டிக்குள் என்ன எந்திரம் இருக்கிறது என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்."

"உட்காருங்கள் இரண்டு பேரும்," என்றார் தனி அதிகாரி. அவர் குரலில் ஒரு நிதானம் இருந்தது. "நான் இதுவரை ஏழு குழுக்களுக்குத் தலைமை வகித்திருக்கிறேன். கோழி வளர்ப்பு, குடும்ப நலம், கிணறு ஆழப்படுத்துதல், இப்போது வருங்காலம். எதைப் பற்றியும் எனக்குத் தெரியாது என்பதால்தான் மேலிடம் என்னை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறது. கையெழுத்தைத் தவிர நான் வேறு எதுவும் கற்கவில்லை."

அதற்கு மறுப்பு இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாக்குகள் அன்றைக்கு அதிகமாகக் கை தட்டியது அதற்குத்தான்.

தனி அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுக் குடத்துக்குள் முழங்கைவரை விட்டார். கண்ணை மூடிக்கொண்டார். ஓர் ஓலையை எடுத்து உயர்த்திப் பிடித்தார். பிறகு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஓலையில் ஒன்றுமில்லை.

குடத்தைத் துடைக்க வேண்டும் என்று எல்லப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஓலையை எடுத்தார்கள். அதுவும் அப்படியே. தனி அதிகாரியின் ஐந்து விரல்கள் மட்டும் கிளிப்பச்சையாக இருந்தன. பச்சமுத்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருந்த மை அத்தனையும் அங்கே இருந்தது.

"மறுபடி எய்தலாங்களா சார்?" என்றார் எல்லப்பன்.

"எதற்கு? குடம் பேசிவிட்டது," என்றார் தனி அதிகாரி, கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு. மூன்று பேரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். டீ போயிற்று. பிறகு வடை போயிற்று. உரக்கிடங்கைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுச் சாக்குகள் வரிசையாக எழுந்து போயின. சாமியானாவின் கீழே பச்சமுத்து மட்டும் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒரு தடவை செங்கல்பட்டு பஸ் போயிற்று. இன்னொரு தடவை காஞ்சிபுரம் பஸ் போயிற்று.

அவர்கள் வெளியே வரும்போது மணி ஐந்தேகால். காலி நாற்காலிகளுக்கு முன்னால் தனி அதிகாரி மைக்கில் தீர்ப்பை வாசித்தார்.

"கல்லூரிக் கல்வியின் மேன்மையையும் தொழிற்பயிற்சியின் மேன்மையையும் தீர ஆராய்ந்து, இரண்டும் மேன்மையானவை என்று இந்தக் குழு கண்டறிகிறது. ஆகவே மாணவன் வரதன், தன் விருப்பப்படி எதில் வேண்டுமானாலும் சேரலாம் என்று இதனால் அனுமதிக்கப்படுகிறான்."

பிறகு பச்சமுத்துவின் நகலை வாங்கி, பச்சை விரல்களால் பிடித்து, நீளமாக ஒரு கையெழுத்துப் போட்டார். நகலில் மார்க்கு இருந்த இடத்தில் கட்டைவிரல் ரேகை நன்றாகப் பதிந்துவிட்டது.

"மணி அஞ்சு தாண்டிப்புட்ச்சிங்களே," என்றார் பச்சமுத்து.

"அதனால் என்ன? தீர்ப்புக்குக் கெடு கிடையாது," என்றார் தனி அதிகாரி.

சாலவாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, சொக்கம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை மட்டுமே பச்சமுத்து யோசித்துக்கொண்டு போனார். வாசலில் எருமை கட்டியிருந்தது. அதன் பின்னால் வரதன் இல்லை.

"புள்ள எங்கமே?"

"வந்துட்டியா, சால்வ போட்ட ராசாவே," என்றாள் சொக்கம்மாள். "காத்தால எருமைக்கு ஊசி போட மாட்டு டாக்டரு வந்தாரு. அவரு ஜோபுல ஒரு பேனா. பச்ச இங்க்கு போட்டதான்னு கேட்டேன். ஆமாம்மா, கவுருமெண்டு டாக்டரு எல்லாருக்கும் அதுதான்னாரு. இவன் அங்கயே குந்தி கையாலயே நகலு எய்தினான். எரும முதுவுலயே வச்சிக் கையெய்த்துப் போட்டுக் குட்த்தாரு. புள்ள சேந்துட்டானாம். அங்கேர்ந்து வந்த கண்டக்டரு கிட்ட சேதி சொல்லியனுப்பிச்சிக்கிறான்."

பச்சமுத்து சால்வையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். குழு நாளெல்லாம் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாததை, இவர்கள் வீட்டுக்குள்ளேயே எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

"எதுல சேத்தே? எப்பிடி முடிவு பண்ணே?"

"இதுல முடிவு பண்ண இன்னா கீது? எதுல போறதுன்னு புள்ள கேட்டான். எனக்கு இன்னா தெரியும். ரோட்டுல போய் நில்லு, எந்தப் பக்கத்து பஸ்ஸு மொதல்ல வருதோ அதுல ஏறுன்னேன்."

செங்கல்பட்டு பஸ் முதலில் வந்தது.